என்ன புதினம்?

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் புதினம் என்பது செய்தி. வழியிற் கண்டவரை மறித்து “என்ன புதினம்?” என்று கேட்பது எங்கள் வழமை. தமிழகத்து அறிஞர்கள் நாவலுக்குத் தமிழ்ப் பெயர் தேடியபோது அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கதை என்ற சொல்லும் அத்தகையதே. அங்கே பேசுகிறார்கள், இங்கே நாங்கள் கதைக்கிறோம். ஒருவனுக்குப் ‘பேச்சு விழுந்தது’ என்றால் எங்கள் ஊரில் அவன் ஏச்சு வாங்கினான் என்றே பொருள். அன்றாட உரையாடலுக்கும் இலக்கிய வடிவத்துக்கும் ஒரே சொல்லை வழங்கும் மக்களின் எழுத்தாளர்கள், அந்த உரையாடலைத் தம் எழுத்தில் என்ன செய்தார்கள்? நெடுந்தீவை முன்னிறுத்தி இக்கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். சில ஆண்டுகள் அத்தீவிற் படிப்பித்தவள் என்பதன்றி இதற்கு வேறு உரிமை எனக்கில்லை.

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த பெரிய தீவுகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகாட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். அப்பால் ஒரு மணி நேரக் கடல். பயணக் கட்டுரை எழுதுவோர் அக்கடலைக் கடந்து சென்று கண்டு வருவன எவை என்பதை வாசகர் அறிவர்: காட்டுக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, முருகைக் கல் மதில்கள், பெருக்க மரம். மனிதரும் அக்கட்டுரைகளின் படங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். பெருக்க மரத்தின் சுற்றளவைக் காட்டுவதற்காக அதன் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

தீவின் வாழ்வு இவற்றில் இல்லை. அது படகில் இருக்கிறது. மருந்துக்கும் மணவீட்டுக்கும் வழக்குக்கும் வங்கிக்கும் அத்தீவார் கடல் தாண்டவேண்டும். இயந்திர இரைச்சலில் எவரும் மெல்லக் கதைக்க முடியாது. ஆகையால் படகில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. நான் கேட்ட ஓர் உரையாடலை நினைவிலிருந்து தருகிறேன்.

“என்ன புதினம்?”

“ஒரு புதினமும் இல்லை. மழையைத்தான் காணேல்லை.”

மழை, கிணற்று நீரின் உவர், மாட்டுக்குப் புல் இல்லாமை என்று கதை நெடுந்தூரம் சென்றது. பிறகு, கடலைப் பார்த்தபடி, “மூத்தவளுக்கு மாதம் கிட்டுது. கடல் குழம்பினால் என்ன செய்யிறதெண்டுதான் யோசினை.” மற்றவர் உடனே விடை சொல்லவில்லை. மாட்டின் கதைக்கே திரும்பினார். குறிகாட்டுவானில் இறங்கும் வேளையில்தான், “கொக்குவிலிலை என்ரை தங்கச்சி தனியத்தானே இருக்கிறாள். பிள்ளையை அங்கை விடலாம்” என்றார். “ஓம், பாப்பம்” என்பதே மறுமொழி.

இங்கே எவரும் எதையும் கேட்கவில்லை. எவரும் எதையும் ஈயவுமில்லை. இரத்தலின் இளிவு எத்தகையது என்பதை உணர்த்த வள்ளுவர் இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்விளிவு அணுகாதவாறு ஒருவனின் தேவையை இன்னொருவன் செவியிற் சேர்க்கும் கருவி எது? மழையைப் பற்றிய அந்த வெறும் கதைதான். ‘சும்மா கதை’ என்று நாம் ஒதுக்குவது உண்மையில் சும்மா இருப்பதில்லை. அதன் வழியேதான் மருந்துத் துண்டு ஒன்று மூன்று கை மாறி யாழ்ப்பாணத்து மருந்துக்கடைக்குப் போகிறது. வாங்கிய மருந்து மாலைப் படகில் மாவிலித் துறைக்கு வந்து சேருகிறது. இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை, சங்கம் இல்லை, தலைவர் இல்லை. நாள்தோறும் கதைத்துக்கொண்டிருப்பதாற் பிறந்த நம்பிக்கை மட்டுமே உண்டு.

இது நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது?

மக்கள் பேச்சை எழுத்தில் ஏற்றலாமா என்ற வாதம் ஈழத்தில் 1960-களின் தொடக்கத்திற் கடுமையாக நடந்தது. மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று இகழ்ந்தார்கள். 1954-இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் அவ்விகழ்ச்சியை எதிர்த்து நின்றார்கள், வென்றார்கள். இன்று நான் இக்கட்டுரையில் ஒரு மீனவரின் வாய்மொழியை அப்படியே எழுதக் கூசவில்லை என்றால், அது அவர்கள் எனக்கு ஈட்டித் தந்த உரிமை. ஆயினும் அந்த உரிமை எவ்வாறு பயன்பட்டது என்பதை அவர்களின் வழிவந்த நாமே ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்? பேச்சு வழக்கு நம் கதைகளில் வந்தது. பெரும்பாலும் சண்டையில் வந்தது, ஒப்பாரியில் வந்தது, எதிர்த்து நிற்பவனின் சவாலில் வந்தது. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ வெளிவந்த காலத்திலும், டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்த காலத்திலும் அதுவே தேவையாக இருந்தது. அதனைக் குறை என்று சொல்ல நான் துணியேன். பின்வந்தோரிடமோ அது பழக்கமாகிவிட்டது. கறிக்குத் தாளிதம் போல வட்டாரச் சொற்களைத் தூவுகிறார்கள். அச்சொற்கள் மனிதருக்கிடையே என்ன வேலை செய்கின்றன என்பதைக் காணாமற் போகிறார்கள்.

நெடுந்தீவைக் களமாகக் கொண்ட நாவல் என்றதும் நினைவுக்கு வருவது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973). 1978-இல் அது ஈழத்துத் திரைப்படமாகவும் வந்தது. வாடை பெயர்ந்ததும் வேற்றூரிலிருந்து வந்து கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவர்கள், தீவிலேயே பிறந்து வாழ்பவர்கள் ஆகிய இரு திறத்தாரை எதிரெதிரே நிறுத்தியதில் ஆசிரியரின் கூர்மை தெரிகிறது. பருவக் காற்று ஒரு சமூகத்தை எவ்வாறு கூட்டுகிறது, எவ்வாறு கலைக்கிறது என்பதை அவருக்கு முன் எவரும் இத்துணை நெருங்கிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. எனினும் நூலை மூடியபின் என் மனத்தில் நிற்பவை காதலும் போட்டியும் பகையுமே. பல மாதங்கள் ஒரு கரையிற் கூடியிருந்த இரு கூட்டத்தார், அந்தப் பகைக்கும் காதலுக்கும் இடையே வந்த நூற்றுக்கணக்கான வெறும் மாலைகளில் என்ன கதைத்தார்கள்? யாரிடம் யார் நல்ல தண்ணீர் கேட்டார்கள்? நாவல் அங்கே தங்குவதில்லை. அடுத்த மோதலுக்கு விரைகிறது.

அதே ஆசிரியர் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என்று, ஒரு கிராமத்து ஆச்சி கதிர்காமம் போவதை நகைச்சுவையாக எழுதினார். அங்கே கதை உண்டு, வேண்டியமட்டும் உண்டு. ஆனால் நாம் ஆச்சியோடு சேர்ந்து கதைப்பதைவிட அவளைப் பார்த்துச் சிரிப்பதே அதிகம். ஆக, சாதாரண உரையாடலுக்கு நம் உரைநடை இரண்டு இருக்கைகளையே ஒதுக்கியிருக்கிறது: சண்டைக்கு முன்னுரை, அல்லது நகைச்சுவை. கவிதை சற்று வேறு வழி சென்றது. நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட வ. ஐ. ச. ஜெயபாலன் ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ என்று தீவையே ஆச்சியாக்கி அவளோடு கதைத்தார். ஆச்சிக்கு என்ற அந்த நான்காம் வேற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இக்குறையின் வேர் ஆழமானது. நெய்தல் நிலத்து ஊர்ப்பேச்சை நம் பழைய இலக்கியம் எந்தப் பெயரால் அறிந்தது? அம்பல், அலர் என்ற பெயர்களால். ஊர் வாய் திறந்தால் அது காதலர்க்குத் தீங்கு. முணுமுணுப்பாய் அரும்பினால் அம்பல், எங்கும் மலர்ந்தால் அலர் என்று உரைகாரர் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுவர். ஊரார் கூடிக் கதைத்தாற் பழி தூற்றுகிறார்கள் என்று கொள்ளும் மனப்பாங்கு, அகத்திணையைப் படித்துப் பட்டம் பெற்ற என்னைப் போன்றவர்களிடம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதே பழந்தமிழில் ‘உசாத்துணை’ என்று ஒரு சொல்லும் உண்டு. உற்றதைச் சொல்லிக் கேட்டு ஆறுவதற்கான துணை. அலரை மனப்பாடம் செய்தோம். உசாத்துணையை அகராதியில் விட்டுவிட்டோம்.

இதைச் சொன்னவுடன் ஊர்க்கதை அனைத்தும் அன்புமயம் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டாம். நான் முதன்முதலிற் படகேறிய நாளில் ஓர் ஆச்சி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “பிள்ளை எந்த ஊர்? தேப்பன் என்ன செய்யிறார்? ஊரிலை எந்தப் பக்கம்? ஆர் சமைச்சுத் தாறது?” யாழ்ப்பாணத்திற் பிறந்த எவருக்கும் ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்வியின் பொருள் விளங்கும். நான் எரிச்சலோடு விடை சொன்னேன். கார்த்திகையிற் கடல் குழம்பிப் படகு மூன்று நாள் ஓடவில்லை. என்னிடம் அரிசி தீர்ந்திருந்தது. மூன்றாம் நாள் அதே ஆச்சி ஒடியற் கூழோடு வந்தார். “தனியச் சமைக்கிற பிள்ளை, படகு ஓடாட்டி என்ன செய்யுமெண்டு நான் அண்டைக்கே யோசிச்சனான்” என்றார். அன்று என்னை எடைபோட்ட கேள்விகளே என் பசியையும் அவருக்கு அறிவித்திருந்தன.

என்னோடு அதே தவணையில் வந்த இன்னோர் ஆசிரியருக்கும் அந்நாட்களில் உணவு வந்தது. அவரிடமும் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்கப்பட்டிருந்தது. உணவு கொண்டுவந்தவர் படலைக்கு உள்ளே வரவில்லை. கொடுத்த பாத்திரத்தைத் திருப்பி வாங்கவுமில்லை. அவர் அதை என்னிடம் சொன்னபோது குரலிற் சினம் இல்லை. அந்தப் பாத்திரத்தைக் கழுவி அலமாரியில் வைத்திருந்தார். உதவியையும் விலக்கையும் ஒரே கை செய்யும் இத்தகைய கணத்தை எழுதுவதற்குச் சவால் வசனம் போதாது, உருக்கமும் போதாது. யதார்த்தவாதம் என்று நாம் போற்றும் நெறிக்கு இதைவிடத் தகுந்த பொருள் வேறில்லை என்பது என் துணிபு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1985 மே 15-ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். நீதி கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் தீவு அந்நாளை நினைவுகூர்கிறது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பல, இறந்தோரை எண்ணிக்கையாக்கின. அல்லது ஓர் இனத்தின் குறியீடாக்கின. அந்தக் காலையிலும் படகில் யாரோ யாரிடமோ புதினம் கேட்டிருப்பார்கள். மழையைப் பற்றியோ மகளைப் பற்றியோ ஒரு கதை பாதியில் நின்றிருக்கும். நின்றுபோன அந்தக் கதையின் விலையை உணர்த்த, நிற்காத கதையை நம் இலக்கியம் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்கவில்லை. ஆதலால் வாசகன் சாவைக் காண்கிறான். பறிபோனது எது என்பதைக் காண்பதில்லை.

இதற்கு நேரெதிரான பிழை, கடல் கடந்து வாழும் ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களில் நிகழ்கிறது. அங்கே தீவின் ஒற்றுமை பாடப்படுகிறது. ‘ஒருவர்க்கொருவர் துணை நின்ற பொற்காலம்’ என்று கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது. பிரிந்து போனவரின் ஏக்கம் எனக்கு விளங்காமலில்லை, ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் “என்ன புதினம்?” என்று கேட்கும் குரலில் உள்ள தவிப்பை நான் அறிவேன். அவர்கள் அனுப்பும் பணத்தில் மருந்து வாங்கியவர்களையும் அறிவேன். ஆனால் அப்புகழ்ச்சியை அரசும் விரும்பும் என்பதை மறக்கலாகாது. மக்கள் தாமே ஒருவரையொருவர் தாங்குகிறார்கள் என்றால், ஆபத்தான நிலையிலுள்ள நோயாளி ஏன் இன்னும் கடல் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டியிருக்கிறது என்று எவரும் கேட்கமாட்டார் அல்லவா? கொக்குவிலில் ஒரு தங்கை இருந்ததால் அந்தக் கர்ப்பிணிக்குத் திண்ணை கிடைத்தது. தங்கை இல்லாதவளின் கதி என்ன? பரஸ்பர உதவியை எழுதுபவன் அந்த உதவி எந்த வெற்றிடத்தை நிரப்புகிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது விமரிசனமாகும்.

பழியை எழுத்தாளர்மீதே சுமத்திவிட்டு நான் தப்ப முடியாது. தீவில் இருந்தபோது பத்தாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: நீங்கள் படகிற் கேட்ட ஓர் உரையாடலைக் கட்டுரையாக எழுதுக. இடைவேளையில் ஒரு மாணவி, முந்திய கிழமை படகில் நடந்ததை எனக்கு அரை மணி நேரம் நடித்தே காட்டினாள். யார் என்ன சொன்னார், யார் கேளாதவர் போல இருந்தார், இறங்கும்போது யார் யாருடைய பையைத் தூக்கினார் என்பது வரை. மறுநாள் அவளுடைய கொப்பியைத் திறந்தேன். ‘எமது தீவின் சிறப்புகள்’ என்று தலைப்பிட்டிருந்தாள். குதிரைகள் இருந்தன, கோட்டை இருந்தது, பெருக்க மரம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “அதெல்லாம் கதைக்கிறதுதானே ரீச்சர், கட்டுரையிலை எழுதலாமோ?” என்றாள்.

அடுத்த தவணையில் அதே பயிற்சியை மறுபடி கொடுத்தேன். அம்முறை கரும்பலகையில் ‘கட்டுரை’ என்ற சொல்லை எழுதவில்லை.