பேராக்கில் தலைகளை எண்ண வேண்டிய இடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு முறையான மந்திரி பெசார் (முதலமைச்சர்) ஸம்ரி அப்துல் காதிர்தான் என்று 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. ஐந்து நீதிபதிகளுக்கும் அதில் ஒரே கருத்து. சட்டமன்றத்தில் வாக்கெடுக்காமலே, வேறு வழியிலும் ஒருவர் பெரும்பான்மை இழந்ததை அறியலாம் என்றார்கள். மாநில அரசியலமைப்பின் 16(6) பிரிவைப் படித்தால் மறுக்க முடியாது. வாக்கெடுப்பு கட்டாயம் என்று அதில் இல்லை. ஆனால் 1966இல் சரவாக் முதலமைச்சராயிருந்த ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், நம்பிக்கை போனதா என்பதை மன்றத்துக்குள்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்திருந்தது. வெளிச்சத்தில் ஒரு வழி இருக்க, அரண்மனைச் சந்திப்பு எதற்கு?

2008இல் மக்கள் கூட்டணிக்கு 59இல் 31 இடம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதிலிருந்து மூவர் விலகி, தேசிய முன்னணிக்கு ஆதரவு என்றார்கள். மந்திரி பெசார் நிஸார் ஜமாலுடின் கேட்ட சட்டமன்றக் கலைப்பைச் சுல்தான் அஸ்லான் ஷா மறுத்து, தேசிய முன்னணியின் ஸம்ரியை நியமித்தார். உறுப்பினர்களை அரண்மனையில் சந்தித்து அவர் போட்ட கணக்கு சரியென்றே கொள்வோம். அதை மக்கள் பார்க்கவில்லையே.

மக்கள் கூட்டணியும் உத்தமர் வேடம் போட வேண்டாம். சில நாள் முன்புதான் தேசிய முன்னணியின் போத்தா உறுப்பினரை ஆரவாரமாகச் சேர்த்துக்கொண்டது; தேதி போடாத ராஜினாமா கடிதங்களையும் கைவசம் வைத்திருந்தது. சபாநாயகர் வி. சிவகுமார், ஸம்ரியையும் ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் இடைநீக்கம் செய்தது வரம்பு மீறல். அதை நீதிமன்றம் செல்லாது என்றது நியாயமே.

ஆனால் 2009 மே 7 வேறு கதை. ஈப்போவில் சட்டமன்றக் கூடத்துக்குள்ளேயே சிவகுமாரை அங்கியோடு இழுத்து வெளியேற்றினார்கள். அமளிக்கு நடுவே தேசிய முன்னணியைச் சேர்ந்த ம.இ.கா.வின் ஆர். கணேசன் சபாநாயகராக்கப்பட்டார். ஒரே நாற்காலிக்கு இரு தமிழர்கள்! நம் ஆள் உட்கார்ந்தார் என்று இரு தரப்பிலும் பெருமைப்பட்டவர்கள் உண்டு. துரை தந்த அதிகாரத்தில், தோட்டத் தொழிலாளர் வருகை எடுக்கும் பிரட்டுக் களத்தில் அதட்டிய கங்காணியைக் கண்ட தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த நாற்காலியின் கனம் உடனே புரிந்திருக்கும்.

என் கணிப்பில், பிரிவின் சொற்களைப் படித்தவரை நீதிமன்றம் சரி. ஆட்சி யாருக்கு என்பதை அது நிறுவவில்லை. மன்றம் கூடி எண்ணியிருந்தால் ஸம்ரியே வென்றிருக்கலாம். அப்போது அவர் பதவியைக் குறுக்குவழி என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. அப்படி எண்ணுவது நடக்காத காரியமுமல்ல. 2020 டிசம்பர் 4 அன்று இதே சட்டமன்றத்தில் மந்திரி பெசார் அஹ்மாட் பைசால் அசுமு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தார். ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு ஒன்று. பதவி விலகினார்.