மகரக்கட்டு

நம் நாடக மன்றத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் தலைப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்: 'தலைமையும் குழு உணர்வும்'. அதைப் பற்றிப் பேச டை கட்டியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சைடு விங்குக்குப் பின்னால் கையில் நோட்டோடு நிற்கிற வேலை. பதினோரு வருஷம் பிராம்ப்டராக இருந்தேன். சபையில் இருப்பவர்கள் நடிகரின் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிவது முதுகும், முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் நடுங்குகிற விரலும்தான். ஒரு குழு எப்படி நடத்தப்படுகிறது என்பதை அந்த விரல்கள் சொல்லிவிடும்.

நான் முதலில் சேர்ந்த குழுவின் இயக்குநர் கெட்டிக்காரர். ஒருநாள் வக்கீல் வேஷக்காரர் நடுவில் வசனத்தை விட்டுவிட்டார். இயக்குநர் எதிர் விங்கிலிருந்து போட்ட அதட்டல் மூன்றாவது வரிசை வரை கேட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு சொல்லைக்கூட மறந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அடுத்தவர் வசனத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டோம். அவரவர் வரியைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. சில மாதம் கழித்து ஒரு காட்சியில் கதாநாயகன் சட்டைப் பையில் கையை விட்டான், கடிதம் இல்லை. மேடையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேருக்கும் தெரிந்தது. வேலைக்காரி வேஷத்தின் இடுப்பில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அவள் நகரவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டேன். "அது என் சீன் இல்லையே சார்" என்றாள்.

இந்தக் கடிதக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் நாடக மரபில் குழுவை நடத்திய வழிகளைப் பார்க்கிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகளிலிருந்து தொடங்க வேண்டும். 1867-இல் பிறந்தவர், தூத்துக்குடிக்காரர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், எமன், சனீசுவரன் என்று நடுங்கவைக்கும் வேஷங்கள் கட்டினார், பிறகு ஆசிரியரானார். அன்றைய பெரிய நடிகர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. எழுதிக் கொடுத்த பாடத்தை அவர்கள் மதிப்பதில்லை. எதிரே நிற்பவரை மடக்கிக் கைதட்டல் வாங்குவதிலேயே குறி. ஒத்திகைக்கு வரமாட்டார்கள், வேறு ஊரில் நாலு காசு கூடக் கிடைத்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். நல்ல பாடகர்களாகவும் இருந்ததால் அவர்களை விலக்கவும் முடியாது.

இதற்குக் கிடைத்த தீர்வு, பையன்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனி. மதுரையில் 1918-இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சுவாமிகள் வாத்தியார். பின்னால் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவராக அறியப்பட்ட டி.கே. ஷண்முகத்துக்கு அங்கே சேர்ந்தபோது ஆறு வயது. அந்தப் பையன்களுக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்ததை ஷண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் வியந்து சொல்லியிருக்கிறார்.

சுவாமிகளின் மேதைமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தத் தீர்வில்தான் உண்டு. பேச்சுக் கேட்காத பெரியவர்களை வைத்துக்கொண்டு எப்படி வேலை வாங்குவது என்ற கேள்விக்கு இது பதில் இல்லை. கேட்டே தீர வேண்டியவர்களாகப் பார்த்து ஆளை மாற்றிக்கொண்டதுதான் நடந்தது. அப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கம்பெனி வீடுதான் பையனுக்கு வீடு, பள்ளிக்கூடம், பட்டறை எல்லாம். காலையில் சாதகம், பிறகு பாடம், பகலில் கட்டாயத் தூக்கம், இரவு நாடகம். பிரம்பு இல்லாத வாத்தியார் அபூர்வம். அதே சமயம், பள்ளிக்கூட வாசலே மிதித்திராத பையன்கள் அங்கேதான் பிழையில்லாத தமிழ் கற்றார்கள், வேளைக்குச் சாப்பிட்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கண்டிப்பிலும் வகை உண்டு. 1933-இல் மதுரை தேவி பால வினோத சங்கீத சபையைத் தொடங்கிய நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி ஒழுங்குக்குப் பேர்போனது. 'இராமதாஸ்' நாடகத்தில் நவாபாக நடித்து அந்த வேஷத்தின் பெயரையே தம் பெயரோடு ஒட்டிக்கொண்டவர் அவர். 'தசாவதாரம்', 'இயேசுநாதர்', 'ஐயப்பன்' என்று அவர் போட்டதெல்லாம் பிரமாண்டக் காட்சிகள். அப்படிப்பட்ட மேடையில் ஒழுங்கு என்பது வாத்தியாரின் குணம் மட்டும் அல்ல, வேலையின் தேவை. இருட்டில் பத்துக் கயிறு ஒரே நேரத்தில் இழுபட வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் மேகத்தில் நிற்கிற பையனின் காலோ தலையோ போய்விடும். அவருக்கு முந்தி 'தசாவதார'த்தை வைத்துத் தமிழ்நாட்டையே வாய்பிளக்க வைத்த கன்னையா கம்பெனிக்கும் இது பொருந்தும். கயிற்றுக்காக வந்த கண்டிப்பைப் பையன்கள் புரிந்துகொள்வார்கள். கோபத்துக்காக வந்த கண்டிப்பு வேறு என்பதும் அவர்களுக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் நவாப் கம்பெனியில் சேர்ந்த எம்.என். நம்பியார் சாகும்வரை ஐயப்ப பக்தராக இருந்தார் என்பதைச் சும்மா ஒரு தகவலாக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பாய்ஸ் கம்பெனிகளை எடைபோட ஒரு தராசு உண்டு. வசூலையும் பிரம்பையும் அதில் வைக்க வேண்டாம். மகரக்கட்டை வைத்தால் போதும்.

தெரியாத இளைஞர்களுக்காக: பையன்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைகிறதே, அதற்குப் பெயர் மகரக்கட்டு. மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பதால் எட்டாத சுருதியில் பாடுவார்கள். அப்படிப் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அயன் ராஜபார்ட் (கதாநாயக வேஷம்) பையன், ஒரு நாள் வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அவன் செய்த தப்பு ஒன்றும் இல்லை, வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். நேற்று வரை அவனுக்குத் தனியாகப் பால் வந்தது. இன்று அதே சுவரொட்டியில் இன்னொரு பையனின் பெயர். அவனுக்குக் காவலாளி வேஷம், இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் டிக்கெட்.

சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்த பி.யு. சின்னப்பாவுக்கும் இது வந்தது. குரல் மாறியதும் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். சங்கீதத்தை முறையாகக் கற்றுக்கொண்டார். கூடவே குஸ்தி, கனத்த குண்டு தூக்குவது என்று உடம்பையும் வளர்த்தார். பின்னால் சினிமாவில் அவர் அடைந்த இடம் எல்லோருக்கும் தெரியும். சின்னப்பா மீண்டுவிட்டார். மீளாத சின்னப்பாக்கள் எத்தனை பேர் எந்த ஊர் ஓட்டலில் மாவாட்டினார்கள் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

நல்ல கம்பெனிகளில் இந்தச் சமயத்தில் பையனுக்கு ஆர்மோனியம் பழக்குவார்கள், அரிதாரப் பெட்டியைக் கொடுப்பார்கள், சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லவைப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆண்குரலோடு அவன் திரும்பும்போது மேடையின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரிந்த ஆளாக வருவான். கம்பெனிகளின் நல்ல வாத்தியார்கள் பலர் இப்படி உருவானவர்கள்தான்.

டி.கே.எஸ். சகோதரர்களிடம் எனக்குள்ள மரியாதைக்கும் வேர் இங்கேதான். 1925 மார்ச் 31-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியபோது அவர்களே கம்பெனி வீட்டில் வளர்ந்த பையன்கள். அடியும் தெரியும், மகரக்கட்டும் தெரியும். மூத்தவர் சங்கரன் நிர்வாகம். முத்துசாமி நடிப்போடு எழுத்து. ஷண்முகமும் பகவதியும் மேடை. அண்ணன் தம்பிக்குள்ளேயே வேலை பிரிந்துவிட்டதால், ஒரே ஆள் சட்டாம்பிள்ளையாகவும் நாயகனாகவும் கல்லாவாகவும் இருக்கிற விபத்து அங்கே நேரவில்லை. எம். கந்தசாமி முதலியாரை ஆசிரியராகக் கூட்டி வந்தார்கள். அவர் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களையும் ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல்களையும் கம்பெனி மேடைக்குக் கொண்டுவந்தார். பாட்டை மட்டும் நம்பாத வசன நாடகம் வந்ததும், குரல் போன பையனுக்கும் வேலை கிடைத்தது. இதைச் சீர்திருத்தம் என்று யாரும் அன்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

கம்பெனியில் புத்தகம் படிக்கிற பழக்கம் வளர்ந்தது. என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம் எல்லாம் அந்த வீட்டில் இருந்தவர்கள். கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது அவர் பெயரிலிருந்த நாடக சபையைச் சகஸ்ரநாமம் கட்டிக் காத்தார். பிறகு தாமே சேவா ஸ்டேஜ் தொடங்கி தி. ஜானகிராமனையும் பி.எஸ். ராமையாவையும் நாடகம் எழுத வைத்தார். 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்று மாநாடு கூட்டியதும் டி.கே.எஸ். சகோதரர்கள்தான். போட்டிக் கம்பெனிக்காரர்களை ஒரே பந்தலுக்குக் கீழே கூப்பிட ஒரு முதலாளிக்குப் பெரிய மனசு வேண்டும்.

சம்பளமே இல்லாத குழு வேறு கதை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சந்தா கட்டி நடித்தார்கள். கோர்ட்டில் ஜட்ஜையே எதிர்த்துப் பேசிவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவரை எந்தப் பிரம்பால் அடக்குவது? பம்மலின் வழி இரண்டு. மணி அடித்தால் திரை தூக்க வேண்டும், பெரிய மனிதர் வரவில்லையென்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, இருக்கிற ஆட்களை மனத்தில் வைத்தே நாடகம் எழுதுவது. உயரம் குறைந்தவருக்கு ஒரு பாத்திரம், பாட்டு வராதவருக்கு ஒரு பாத்திரம். ஆளுக்கேற்ற வேலையைத் தலைவனே உட்கார்ந்து எழுதித் தருவதை வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை. நம் மன்றம் போன்ற அமெச்சூர் குழுக்கள் எல்லாம் இந்தப் பரம்பரைதான். மணி விஷயத்தில் மட்டும் நாம் பம்மலுக்குப் பேரன்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கும்பகோணம் பாலாமணி அம்மாளையும் சொல்லாமல் விடக்கூடாது. பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்திய பெண். அவர் நாடகத்துக்கு வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலை 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே ஜனங்கள் சொன்னார்கள். நம் நாடக வரலாறுகளில் ரயில் வந்த அளவுக்கு அவர் நிர்வாகம் வரவில்லை.

கடைசியாக, சுவாமிகள் எந்தப் பெரியவர்களை வேண்டாம் என்று விட்டாரோ அவர்களிடமே திரும்ப வர வேண்டியிருக்கிறது. பேச்சு இழந்து, 1922 நவம்பரில் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகள் போயே போய்விட்டன. ஆனால் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை, முதலாளி இல்லை. அன்று ராத்திரி மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' குலையாமல் நடக்கும். எப்படி? எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் தெரியும். அவர் குழந்தைகளை வைத்துக் காக்கப் பார்த்த பாடத்தை, கடைசியில் அந்தப் பெரியவர்களின் வாரிசுகள்தான் காத்தார்கள். அவர் படத்துக்கு மாலை போட்டுக் குருபூஜை செய்கிறவர்களும் அவர்களே.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பார்த்தேன். நாரதர் வேஷத்தில் வயதானவர் ஒருவர். தினைப்புனத்தில் வள்ளியோடு தர்க்கம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டார். என் பிராம்ப்டர் கண்ணுக்கு விரல்கள் தெரிந்தன. ஆர்மோனியக்காரர் தலையைத் தூக்காமலே முந்தைய பாட்டின் கடைசி அடியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மிருதங்கம் சேர்ந்துகொண்டது. வள்ளி ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, "முனிவர் என்ன கேட்க வருகிறீர் என்று எனக்குத் தெரியாதா?" என்று அவருடைய கேள்வியைத் தானே கேட்டு, பதிலையும் சொன்னாள். கூட்டம் அதை வள்ளியின் சாமர்த்தியம் என்று நினைத்துக் கைதட்டியது. நாரதர் சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பிடித்தார்.

விடிந்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியக்காரரிடம், அவருக்கு மறந்துபோனது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மூச்சு மாறுச்சுல்ல" என்றார். பெரியவர் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆர்மோனியக்காரர் பையிலிருந்து டைரியை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"அண்ணே, பங்குனி பன்னெண்டு ஒங்களுக்கு வேற தேதி ஏதும் இருக்கா?"