அதே மூன்று வித்தைகள்

கல்யாண வரவேற்புகளில் விருந்தாளிகளின் நடுவே உலவியபடி சீட்டு வித்தை காட்டுகிறவர்களை விடாமல் கவனித்து வரும் சென்னை ரசிகர்கள், ஒருவரைப் பற்றி மட்டும், எங்கே போனாலும் அதே மூன்று வித்தைகள்தாம், சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஏகோபித்துத் தீர்ப்புக் கூறியிருக்கிறார்கள். அவருடைய பெயர் இங்கே அவசியமில்லை. நான் அவர் கட்சி என்பதை மட்டும் மறைக்கப் போவதில்லை.

அவர் நிற்கும் இடத்தைச் சற்றே பார்க்க வேண்டும். மேஜை கிடையாது, எதிரே நிற்பவர்களின் ஒரு கையில் தட்டு, மறு கையில் பழரசம், மெல்லிசைக் குழுவின் இரைச்சலில் பேச்சில் பாதி காதில் விழாது, ஐந்து பேர் கூடிய வட்டம், போட்டோவுக்கு வாருங்கள் என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால் அந்தக் க்ஷணமே கலைந்துவிடும். பால் கரி 1942-இல் வெளியிட்ட வித்தை, சிவப்பையும் கறுப்பையும் பார்வையாளரே கண்ணால் பாராமல் பிரித்து வைத்துவிடும் அற்புதம், நிகரற்றதுதான். ஆனால் சீட்டுகளை வரிசையாகப் பரப்ப ஐஸ்கிரீம் கிண்ணங்களின் மேலா இடம் தேடுவது?

ஆகவே அவர் கையாள்வது, விருந்தாளி கையெழுத்திட்ட சீட்டைக் கட்டின் நடுவில் செருகி, விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் அது மேலே வந்து நிற்கும் பழைய வித்தை. ஒவ்வொரு முறை மேலே வருவதும் தன்னளவில் பூரணமானது என்பதால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவே முடிவாகிவிடும். வட்டத்தின் ஓரத்தில் நிற்பவரின் கண் மேடைப் பக்கம் நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்து, நழுவிய மாத்திரத்தில் ஆட்டின் ராணியை அதன் சொந்தக்காரரிடமே ஞாபகார்த்தமாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சீட்டுகளை முன்கூட்டி அடுக்கி வந்தவரோ, யாரேனும் கட்டை வாங்கிக் கலைத்துவிட்டால், மறுபடி அடுக்க மறைவிடம் தேடி அலைய வேண்டும்.

எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவதாகப் பெருமை பேசிய ஹௌதினியை, 1922-இல் சிகாகோவில் டாய் வெர்னன் இதே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டித் திகைக்க வைத்த கதையை நம் விமர்சகர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டி, இவர் மட்டும் ஏன் மூன்று தடவையோடு நிறுத்துகிறார் என்கிறார்கள். ஹௌதினி சவாலுக்கென்றே வந்தவர். போண்டா சாப்பிட வந்தவரல்லர்.

வருகிற தை முகூர்த்தங்களில் இளைஞர் பலர் இவரைப் பார்த்து இதே வித்தையை எடுத்துக்கொள்வார்கள். ஆறாவது தடவையும் சீட்டை மேலே கொண்டுவந்து, எட்டு வயதுப் பையன் ஒருவன் கட்டைப் பிடுங்கிப் பார்க்கும்வரை நிறுத்தமாட்டார்கள். நம்மவரோ ஆவணிக்குள் மூன்றாவது வித்தையையும் கைவிட்டு இரண்டோடு நிற்பார் என்பது என் ஊகம். பணப்பைக்குள்ளிருந்து சீட்டை எடுக்கும் அந்த வித்தைக்காக ஒவ்வொரு வட்டத்துக்குப் பிறகும் சுவரோரம் திரும்பி நின்று பையைச் சரிசெய்வது அவருக்கே அலுத்துவிட்டது. சென்ற வரவேற்பில் இரண்டு வட்டங்களில் அதைச் செய்யாமலே தாண்டிப் போனார்.