பீடம் இழந்த படங்கள்
(இலண்டன் தேசிய ஓவியக்கூடம் குறித்து ஒரு திறனாய்வு)

இலண்டன் மாநகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில் அமைந்துள்ள தேசிய ஓவியக்கூடத்தின் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றிருப்பது, செபஸ்தியானோ தெல் பியோம்போ வரைந்த ‘இலாசரின் உயிர்ப்பு’ என்னும் பேரோவியமாகும். ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமுள்ள அவ்வோவியம் எந்த மாளிகைச் சுவருக்காகவும் வரையப்பட்டதன்று. பின்னாளில் ஏழாம் கிளமெண்ட் என்னும் பெயரோடு திருத்தந்தையான கர்தினால் ஜூலியோ தே மெடிச்சி, பிரான்சு நாட்டில் தம் பொறுப்பிலிருந்த நார்போன் பேராலயத்தின் பீடத்துக்காக 1517ஆம் ஆண்டளவில் அதை வரையச் சொன்னார். அதே பேராலயத்துக்கென இரபேலிடம் அவர் கேட்ட ‘உருமாற்றம்’ உரோமையிலேயே தங்கி, இன்று வத்திக்கானில் இருக்கிறது. இலாசர் மட்டுமே நார்போனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் அவர் நிலைக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஓர்லியான் கோமகன் அப்படத்தைத் தமதாக்கிக்கொண்டார். பீடத்தின்மேல் ஒரு நகல் ஏறிற்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோமகன் குடும்பத்துச் சேகரிப்பு விலைக்கு வந்தபோது படம் இலண்டனை அடைந்து, ஆங்கர்ஸ்டைன் என்னும் செல்வரின் வீட்டில் தொங்கியது. 1824ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு 57,000 பவுன் கொடுத்து அவருடைய 38 படங்களை நாட்டுக்கென வாங்கியது. தேசிய ஓவியக்கூடம் அப்படித்தான் தொடங்கிற்று.

இன்று அங்குள்ள 2,300க்கும் மேற்பட்ட ஓவியங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிறிஸ்தவப் பொருளைக் கொண்டவை. அவற்றுள் பல, ஒரு காலத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் திருப்பலி நிகழ்ந்த பீடங்களின்மேல் நின்றவை. எனவே அக்கூடம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பது கலை வல்லுநரின் அக்கறை மட்டுமன்று. நம் முன்னோரின் செபத்துக்குத் துணைநின்ற பொருள்கள் இன்று யார் கையில், எந்த முறையில் இருக்கின்றன என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. ஆனால் அவ்வாறு கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி விரைவிலேயே நம்மை நோக்கித் திரும்பிவிடுகிறது.

லீஸ்போர்ன் பீடத்தின் கதையைப் பாருங்கள். ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நாட்டில் லீஸ்போர்ன் என்னும் ஊரில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஓவியர் ஒருவர் அதன் தலைமைப் பீடத்துக்குப் படங்கள் வரைந்தார். 1803இல் அரசு மடத்தை மூடியது. பீடத்துப் பலகைகள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டன. சிலுவைக் காட்சியிலிருந்து ஆண்டவரின் தலை தனியே போயிற்று. அருகில் நின்ற புனிதரின் தலைகள் வேறாயின. அத்துண்டுகளுள் சில குரூகர் என்பாரின் சேகரிப்பில் இடம்பெற, அந்த 64 படங்களையும் 1854இல் பிரிட்டிஷ் அரசு வாங்கியது. இதுவரை கதையில் ஓவியக்கூடத்தின்மேல் குற்றமில்லை. ஆனால் வாங்கியவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அங்கிருந்தோரின் சுவைக்கு ஒத்துவரவில்லை. 1856இல் அதற்கெனவே ஒரு சட்டம் இயற்றி, மறு ஆண்டில் 37 படங்களை விற்றுத் தள்ளினார்கள். ஏற்கெனவே சிதறிய பீடத்தின் துண்டுகள் மீண்டும் சிதறின. அறுபட்ட ஆண்டவரின் தலை இன்றும் இலண்டனில் உள்ளது. உடல் இல்லாத அம்முகத்தின் அமைதியைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

அந்த விற்பனையைப் பிற்காலத்தார் வருந்தத்தக்க செயலாகவே கருதினர். தற்போது நடைமுறையிலுள்ள 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓவியக்கூடத்தின் அறங்காவலர் தம் சேகரிப்பிலுள்ள எதையும் விற்க இயலாது. சட்டம் குறிப்பிடும் வேறு தேசிய நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவே. கூரை ஒழுகினாலும், கருவூலம் வற்றினாலும், புதிய இயக்குநருக்கு ஒரு படம் பிடிக்காவிட்டாலும் விற்பனை என்னும் வழி அடைபட்டிருக்கிறது. ஒரு தலைமுறையின் சுவை அடுத்த தலைமுறையின் சொத்தை அழிக்கக் கூடாது என்னும் தெளிவை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

திருச்சபைக்கும் இத்தகைய சட்டம் உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது. தொன்மையாலோ கலைத்திறத்தாலோ வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற திருவுருவங்களைப் பழுதுபார்க்க மறைமாவட்டத் தலைமையின் எழுத்து வடிவ அனுமதி வேண்டும் என்றும், அவ்வனுமதி தருமுன் வல்லுநரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189ஆம் சட்டம் கூறுகிறது. மக்கள் பெரிதும் வணங்கும் திருவுருவங்களைத் திருப்பீடத்தின் அனுமதியின்றிக் கைமாற்றுவது செல்லாது என்பது 1190ஆம் சட்டம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் ஆயர்களுக்கு இதே விழிப்புணர்வைக் கட்டளையிட்டது. சட்டம் இவ்வாறிருக்க, நம் ஊர்களில் நடப்பது என்ன? புதுக் கோவில் கட்டும் உற்சாகத்தில், நூறாண்டு கண்ட மரப்பீடம் விறகுக் கணக்கில் போகிறது. பழைய மரச் சுரூபத்துக்குத் திருவிழாவுக்குத் திருவிழா பளபளக்கும் எனாமல் பூசப்படுகிறது. பூசியவரின் பெயர் கல்வெட்டில் வருகிறது, செதுக்கியவரின் உளி நுணுக்கம் பூச்சுக்குள் புதைகிறது. இலண்டனில் ஒரு படத்தின்மேல் படிந்த பழைய மெழுகெண்ணெயை நீக்குவதற்கே 1846 முதல் பெரும் வாதங்கள் நடந்துள்ளன. நாளேடுகளில் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டை நமக்குச் சிரிப்பைத் தரலாம். அக்கறை உள்ள இடத்தில்தான் சண்டையும் இருக்கும்.

ஓவியக்கூடத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நீண்ட வாதம் நடந்தது. சதுக்கத்தைச் சூழ்ந்த புகைபோக்கிகளின் கரியும், உள்ளே திரளும் கூட்டத்தின் மூச்சும் தூசும் படங்களைக் கெடுக்கின்றன. நகருக்கு வெளியே தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். மழைக்கு ஒதுங்குவோரும், குழந்தைகளைச் சுமந்த தாய்மாரும் உள்ளே வருகிறார்கள் என்பதே சிலருக்குக் குறையாகப்பட்டது. இதனை ஆராய அமைந்த குழு 1857இல் அறிக்கை தந்தது. படங்கள் இருப்பதே நோக்கமன்று, மக்களுக்கு உயர்ந்த இன்பத்தை அளிப்பதே நோக்கம். படம் அதற்கு வழி மட்டுமே என்னும் கருத்து அப்போது முன்வைக்கப்பட்டது. மேற்கிலிருந்து செல்வரும் கிழக்கிலிருந்து ஏழையரும் நடந்தே வந்து சேரக்கூடிய இடத்தில் கூடம் நிலைத்தது. 1974இன் தொடக்கத்தில் சில மாதங்கள் கட்டணம் விதித்துப் பார்த்தார்கள், அது நீடிக்கவில்லை. சிறப்புக் கண்காட்சிகள் பலவற்றுக்கு இன்று கணிசமான கட்டணம் உண்டு என்பது என் குறை. ஆயினும் நிலையான சேகரிப்பைக் காண எவரும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. வரியிலிருந்து வாழும் நிறுவனம் ஒன்று ஏழையின் கண்ணுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்வது சிறிய செய்தியன்று.

காப்பதில் இத்தனை நேர்மை. காட்டுவதில்தான் எனக்குத் தயக்கம் எழுகிறது.

787இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம், திருவுருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது சுட்டும் ஆளைச் சென்றடைகிறது என்று வரையறுத்தது. ஓவியக்கூடத்தில் அந்த ஓட்டம் திசை மாறுகிறது. அங்கே மதிப்பு, படத்திலுள்ளவரைக் கடந்து, படத்தை வரைந்தவரிடம் போய்ச் சேருகிறது. அறைகள் நாட்டு வாரியாகவும் நூற்றாண்டு வாரியாகவும் பிரிந்துள்ளன. ஓவியரின் பெயரே முதலில் கண்ணில் படுகிறது. கலை வரலாற்றைக் கற்பிக்க இம்முறை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பீடத்துப் படம் திருப்பலியின் போது, அதுவும் உயர்த்தப்படும் அப்பத்துக்குப் பின்னணியாக, முழந்தாளிட்டோரின் கண்ணுக்கென அமைக்கப்பட்டது. பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த ‘கிறிஸ்துவின் திருமுழுக்கு’ ஓவியத்தில் ஆண்டவர் நேர் நடுவில் நிற்கிறார்; அவர் தலைக்கு மேல் புறா வடிவில் தூய ஆவி. கீழே பீடமும் குருவும் அப்பமும் இருந்தால் அந்த நடுக்கோடு எதற்கு என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். பீடம் இல்லாதபோது அது ‘வடிவ ஒழுங்கு’ என்னும் பாராட்டோடு நின்றுவிடுகிறது. அந்தப் படத்தையும் எவரும் திருடிக்கொண்டு போகவில்லை. 1859இல் சான்செபோல்க்ரோ நகரின் பேராலயத்திலிருந்து அது விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் இலண்டன் வந்தது.

தமிழகக் கத்தோலிக்கரான நமக்கு நெருக்கமான ஒரு படமும் அங்கு உண்டு. சீமா தா கொனெலியானோ வரைந்த ‘புனித தோமாவின் ஐயம்’ அது. போர்த்தோகுருவாரோ என்னும் ஊரில் புனித தோமாவின் பெயரால் அமைந்திருந்த பொதுநிலையினர் பக்தசபை ஒன்று, தன் பீடத்துக்காக அதை வரையச் செய்து 1504இல் நிறைவு கண்டது. மயிலாப்பூரில் அடக்கமானவர் என்று நாம் போற்றும் திருத்தூதர், ஆண்டவரின் விலாவை நோக்கி விரலை நீட்டி நிற்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்ப்பதற்காக வெனிசுக்கு அனுப்பப்பட்ட அப்படம், அங்கே வெள்ளத்தில் உப்பு நீரில் மூழ்கியது. பலகை உப்பி, வண்ணம் செதில் செதிலாகக் கழன்றது. 1870இல் அதை வாங்கிய ஓவியக்கூடத்துக்கு நூறாண்டுக்கு மேல் அது தீராத நோயாளியாகவே இருந்தது. கடைசியில் பழைய பலகையை முற்றிலும் நீக்கி, வண்ணப் படலத்தை மட்டும் பல ஆண்டு உழைப்பில் புதிய தளத்துக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். 1991இல் சேன்ஸ்பரி பிரிவு திறக்கப்பட்டபோது, நீண்ட தூண் வரிசையின் முடிவில் கண் போய் நிற்கும் இடத்தில் தோமாவை வைத்தனர். தொட்டுப் பார்க்க விரும்பியவரின் படம், எவரும் தொடக் கூடாத இடத்தில்! அந்தப் பொறுமையான உழைப்பை நான் வணங்குகிறேன். அப்படத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த பக்தசபையாரின் வேண்டுதல் என்னவாயிற்று என்பதையும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதற்காக எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டும் என்று வாதிடுவது எளிது. நான் அவ்வாறு வாதிட மாட்டேன். லீஸ்போர்னில் இன்று திருப்பிப் பெற மடம் இல்லை. மேலும், படம் கூடத்தில் இருப்பதாலேயே ஊமையாகிவிடும் என்று சொல்வதும் உண்மையன்று. அதற்குச் சான்று போர்க்காலத்தில் கிடைக்கிறது.

1939இல் போர் மூண்டபோது படங்கள் அனைத்தும் வேல்ஸ் நாட்டுக்கு அகற்றப்பட்டன. 1941இல் மானோட் என்னும் இடத்துச் சிலேட்டுக் கல் சுரங்கத்தில், மலையின் வயிற்றுக்குள் வைக்கப்பட்டன. வெற்றுச் சுவர்களுக்கிடையே மைரா ஹெஸ் என்னும் அம்மையார் நாள்தோறும் நண்பகலில் இசை நிகழ்ச்சி நடத்தினார். குண்டுகள் கூடத்தின்மேலும் விழுந்தன. 1942இன் தொடக்கத்தில் நாளேட்டில் ஒரு வாசகர் கடிதம் வெளிவந்தது: நகரின் முகம் சிதைந்துவிட்ட இந்நேரத்தில் அழகானவற்றைக் காண ஏங்குகிறோம், ஒன்றையேனும் கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். அப்போதைய இயக்குநர் கென்னத் கிளார்க்கும் அறங்காவலரும் இசைந்து, மாதத்துக்கு ஒரு படமாகச் சுரங்கத்திலிருந்து வரவழைத்தார்கள். வரிசையில் முதலாவதாக வந்தது, ‘என்னைத் தொடாதே’ எனப் பொருள்படும் தித்சியானோவின் ‘நோலி மே தாஞ்செரே’. உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவிடமிருந்து தம் ஆடையை விலக்கிக்கொள்கிறார். ஆனால் அவர் உடல் அவளை நோக்கியே கவிந்து வளைகிறது. மறுப்பும் அணைப்பும் ஒரே அசைவில். அன்புக்குரியவரை இனித் தொட முடியாது, ஆயினும் அன்பு முடிந்துபோகவில்லை என்பதைத் துக்க வீடுகளில் அமர்ந்து பழகிய எந்தக் குருவும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. அன்று அந்த ஒற்றைப் படத்தின்முன் வந்து நின்றோருள் எத்தனை பேர் இறந்தவரை நினைந்து நின்றிருப்பார்கள்! பீடம் இல்லை, மெழுகுதிரி இல்லை. படம் பேசியிருக்கிறது.

யூபிலி ஆண்டான 2000இல் நீல் மெக்கிரகர் இயக்குநராக இருந்தபோது நடந்த ‘மீட்பைக் காணல்’ கண்காட்சியையும் இதே வரிசையில் வைக்கலாம். கிறிஸ்துவின் உருவத்தைக் கலை எவ்வாறு கண்டது என்பதே அதன் பொருள். கால்கள் கட்டப்பட்டுக் கிடக்கும் சுர்பரானின் ஆட்டுக்குட்டி அதில் இடம்பெற்றது. சமயம் என்றதும் வணிக நிறுவனங்கள் பணம் தரத் தயங்கின, அறக்கட்டளைகளே கைகொடுத்தன. ஏறக்குறைய மூன்றரை இலட்சம் பேர் வந்தனர். நம்பிக்கை இல்லாதவரும் புரிந்துகொள்ளும் வண்ணம் தாய், சேய், துன்பம், இழப்பு என்னும் பொது மனித அனுபவங்களின் வழியாகப் படங்கள் விளக்கப்பட்டன. இறையியல் நோக்கில் இது பாதி வழியில் நின்றுவிடும் விளக்கமே. கடவுள் மனிதரானார் என்பதை ‘மனிதர் துன்புறுகிறார்’ என்று சுருக்கிவிட இயலாது. ஆனால் பாதி வழிவரையேனும் மக்களை அழைத்துச் சென்றது ஓர் அரசு நிறுவனம். மீதி வழிக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாம், நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஒரு படத்தையாவது அரைமணி நேரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோமா?

2025இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சேன்ஸ்பரி பிரிவில் ஒரு மாற்றம் தெரிகிறது. செஞ்ஞா தி பொனவெந்தூரா வரைந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுவரில் சாத்தாமல் உயரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். இத்தாலியக் கோவில்களில் இத்தகைய சிலுவைகள் இருந்த உயரத்தை அது நினைவூட்டுகிறது. பார்ப்பவர் தலையை நிமிர்த்தியே ஆகவேண்டும்.

அதற்கு ஈராண்டுகள் முன்னர், 2023இல், இன்றைய இயக்குநர் கபிரியேலே பினால்தி அசிசி நகரப் புனித பிரான்சிசு பற்றி ஒரு கண்காட்சியை எவருக்கும் கட்டணமின்றி நடத்தினார். சசெத்தா வரைந்த பிரான்சிசு வரலாற்றுப் படங்கள் ஏழும் அதில் இருந்தன. 1444இல் சான்செபோல்க்ரோவின் பிரான்சிஸ்கன் கோவிலில் நிறுவப்பட்டுப் பின்னர் பிரிக்கப்பட்ட பெரும்பீடத்தின் பகுதிகள் அவை. மற்றப் பலகைகள் பாரிசிலும் சாந்தியியிலும் புளோரன்சு அருகிலும் கிடக்கின்றன. அதே கண்காட்சியில், புனிதர் உடுத்தியது என்று போற்றப்படும் ஒட்டுப்போட்ட அங்கி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. புளோரன்சின் திருச்சிலுவைப் பேராலயம் அதை இரவலாகக் கொடுத்திருந்தது. கண்காட்சி முடிந்ததும் அங்கி தன் கோவிலுக்குத் திரும்பியது. சசெத்தாவின் ஏழு படங்களும் இலண்டனிலேயே தங்கின.