முதியவரின் கேள்வி

சித்திரக்கதை என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். மாணவன் ஒருவனின் பாடநூலுக்கு அடியில் அத்தகைய ஏடொன்றைக் கண்டால், அதனைப் பறித்து மேசை இழுப்பறையிற் பூட்டிவிடுவது ஆசிரியர்களாகிய நம்மிற் பெரும்பாலாரின் வழக்கம். நாமும் இதற்கு விலக்கல்லேம். பல்கலைக்கழகத்திலே சங்கச் செய்யுளும் காப்பியமும் பயின்று வெளிவந்த நமக்கு, வானிற் பறந்து திரியும் வண்ணச் சட்டை வீரர்கள் இலக்கியத்தின் புறவாயிலிலும் நிற்கத் தகாதவராகவே தோன்றினர்.

ஆயினும், இலக்கியம் மக்களுக்காகவே என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்ட நாம், மக்கள் கையில் உண்மையில் உலவும் எழுத்து யாது என்பதைக் கவனியாது விடுதல் பொருந்தாது. உருவம் எளியது என்பதற்காக உள்ளடக்கத்தை ஆராயாது தள்ளுவோமாயின், அவ்வுள்ளடக்கம் சிறுவர் மனத்தில் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். ஆகவே, பறித்ததை வாசித்துப் பார்க்கவேண்டிய கடப்பாடு நமக்குண்டு. அங்ஙனம் வாசித்தவற்றுள் ஓர் இதழ் நம்மை வியப்பில் ஆழ்த்தியது, சிந்திக்கவும் வைத்தது. அதனைப் பற்றியே ஈண்டு கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் டி.சி. நிறுவனம் வெளியிட்ட 'கிறீன் லான்டர்ன்' என்னும் தொடரின் 76ஆவது இதழ் அது. 1970 ஏப்பிரல் எனத் திகதியிடப்பட்டது. விலை 15 சதம். கதையை எழுதியவர் டெனிஸ் ஓநீல். சித்திரந் தீட்டியவர் நீல் அடம்ஸ். பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷுவாட்ஸ். ஓநீல் முன்னர் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். தொடரின் விற்பனை அந்நாளிற் சரிந்து வந்தது. நன்றாக விலைபோகும் ஏட்டில் இத்தகைய சோதனைக்கு எளிதில் இடங்கிடைத்திராது. நட்டத்தில் ஓடிய ஏடாகையால், புதியதொன்றைச் செய்துபார்க்க எழுத்தாளனுக்கு வழி திறந்தது.

கதைத் தலைவன் ஹால் ஜோர்டன் 1959இல் தோற்றுவிக்கப்பட்ட பாத்திரம். புதிய விமானங்களைப் பரீட்சித்துப் பார்க்கும் விமானி அவன். ஓவா என்னும் கிரகத்தில் உறையும் நீலநிறக் காவலர்கள் பேரண்டத்தின் ஒழுங்கைப் பேணுவதற்காக வீரர் பலரை நியமித்துள்ளனர். ஜோர்டன் அவருள் ஒருவன். அவன் விரலில் உள்ள மோதிரம் மனத்தில் எண்ணியதைப் பச்சை ஒளியாலே வடித்துத் தரும். மஞ்சள் நிறப் பொருள்களிடம் மட்டும் அதன் ஆற்றல் செல்லாது. அவனுடைய தோழன் 'கிறீன் அரோ' எனப்படும் ஒலிவர் குவீன். இவன் வில்லாளி; முன்பு பெருஞ் செல்வனாக வாழ்ந்து, பின்னர் செல்வத்தை இழந்தவன். மோதிரம் உடையவன் சட்டத்தை நம்புகின்றான். செல்வத்தை இழந்தவன் தெருவைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றான். இருவரிடையே நிகழும் வாதமே இவ்விதழின் உயிர்நாடி.

ஸ்டார் சிற்றி என்னும் கற்பனை நகரின் மேலாகப் பறந்துவரும் ஜோர்டன், தெருவிலே நல்லுடை அணிந்த ஒருவரை இளைஞன் ஒருவன் பிடித்துத் தள்ளுவதைக் காண்கின்றான். உடனே இறங்கி இளைஞனை அடக்கிப் பொலிசாரிடம் அனுப்புகின்றான். கூடிநின்ற மக்கள் நன்றி கூறுவர் என அவன் எதிர்பார்க்க, அவர்களோ தகரங்களையும் குப்பையையும் அவன்மீது வீசுகின்றனர். சினங்கொண்டு அவர்கள்மேற் பாய முனைந்தவனைக் கிறீன் அரோ தடுக்கின்றான். காப்பாற்றப்பட்டவன் ஜூபல் ஸ்லேட் என்னும் கட்டட முதலாளி. பாழடைந்த மாடிக் குடியிருப்பொன்று அவனுக்குச் சொந்தம். அங்கு வாழும் ஏழைகளை வெளியேற்றிவிட்டு, கட்டடத்தை இடித்து, வாகனத் தரிப்பிடம் அமைப்பதே அவன் திட்டம். ஜோர்டனை அக்குடியிருப்பினுள்ளே அழைத்துச் செல்கின்றான் தோழன். அடம்ஸின் தூரிகை இவ்விடத்திற் பறத்தலையும் பாய்தலையும் விட்டு, சுருங்கிய முகங்களிலும் இருண்ட மாடிப்படிகளிலும் தங்குகின்றது.

அப்போது கறுப்பின முதியவர் ஒருவர் ஜோர்டனின் முன் வந்து நிற்கின்றார். நீலத் தோலினருக்காக நீ உழைப்பதாகக் கேள்விப்பட்டேன். வேறொரு கிரகத்திலே செம்மஞ்சள் தோலினருக்கு உதவினாய். ஊதாத் தோலினருக்கும் நன்மை செய்தாய். ஆனால், கறுத்தத் தோலினரை மட்டும் நீ ஒருபோதும் கவனியாதது ஏன்? இதுவே அவர் கேள்வியின் சாரம். பேரண்டம் முழுவதும் பறந்து திரிந்த வீரன் தலைகவிழ்ந்து, தன்னிடம் விடையில்லை என்று ஒப்புக்கொள்கின்றான்.

இக்கேள்வி நியாயமற்றது என்று வாதிடுவோரும் உளர். பூமி முழுவதையும் பன்முறை காத்தவன் கறுப்பின மக்களையும் சேர்த்தே காத்தான் அல்லனோ என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் கேள்வியைப் பிழைபட விளங்கிக்கொண்டதன் விளைவு. வானிலிருந்து வரும் ஆபத்து எல்லோர் தலையிலும் ஒரே வேளையில் விழுவது. அதனைத் தடுப்பதில் எவர் நலனுக்கும் ஊறில்லை, ஸ்லேட்டும் கைதட்டுவான். ஆனால், வாடகைக் குடி ஒருவரின் கூரை பறிபோகும்போது அதனாற் பயன்பெறுவோன் ஒருவன் இருக்கின்றான். அங்கே உதவப் புகுபவன் ஒரு பக்கம் சார்ந்தே ஆகவேண்டும். வேற்றுக் கிரகத்து அரக்கனை எதிர்க்கையில் ஜோர்டனுக்குப் பக்கம் சாரவேண்டிய தேவை ஏற்பட்டதில்லை. முதியவர் கேட்டது அதையே. மஞ்சள் நிறத்துக்கு மட்டுமே தோற்பதாகக் கூறப்பட்ட மோதிரம், வீட்டு உறுதிப் பத்திரம் ஒன்றின் முன்னும் தோற்றுப்போவதை இவ்விதழ் காட்டிவிட்டது. அதற்காக ஓநீலும் அடம்ஸும் நம் பாராட்டுக்கு உரியர்.

இதுவரை சொன்னவை கதையின் முற்பகுதி. பிற்பகுதி நம்மை ஏமாற்றுகின்றது.

ஜோர்டன் ஸ்லேட்டிடம் சென்று இரக்கங் காட்டுமாறு வேண்டுகின்றான்; பயனில்லை. அடியாட்களோடு மோதல் நிகழ்கின்றது. நீலநிறக் காவலர்களோ, குற்றம் எதுவும் புரியாத ஒருவனைத் தாக்கியமைக்காக ஜோர்டனைக் கண்டித்து, வேறொரு பணிக்காக விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றனர். ஈற்றில், தோழர் இருவரும் செய்த சூழ்ச்சியினால் ஸ்லேட் தன் வாயாலேயே அகப்பட்டுக் கைது செய்யப்படுகின்றான். கொலை செய்ய ஆட்களை ஏவியதே அவனைச் சிறைக்கு அனுப்பும் குற்றம். ஏழைக் குடும்பங்களைத் தெருவில் விட முனைந்தமை அன்று. அது குற்றமாகவே கொள்ளப்படவில்லை. ஸ்லேட் ஆட்களை ஏவாத, சற்றுப் பொறுமையுள்ள முதலாளியாக இருந்திருப்பின், கட்டடம் இடிக்கப்பட்டிருக்கும், சட்டமும் துணைநின்றிருக்கும். ஓர் அமைப்பின் கொடுமையைக் காட்டத் தொடங்கிய கதை, ஒரு தனிமனிதனின் தீக்குணத்தைக் காட்டி முடிகின்றது.

இதற்கு எழுத்தாளனை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. 1954இல் அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒழுக்கக் கோவை ஒன்றை வகுத்துக்கொண்டனர். பொலிசார், நீதிபதிகள், அரச அலுவலர், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோரை அதிகாரத்தின்மீது அவமதிப்பு உண்டாகும் வண்ணம் சித்திரித்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1970இலும் அக்கோவை நடைமுறையில் இருந்தது. அடுத்த ஆண்டிலேயே அது தளர்த்தப்பட்டது. அத்தகைய வேலிக்குள்ளே நின்று எழுதுபவன் கேள்வியைக் கேட்கலாம். விடையைச் சொல்லப் புகும்போது தனியொரு கயவனையே தேடவேண்டியவனாகின்றான்.

ஆயின், எந்தக் கோவையாலும் விளக்கமுடியாத குறை ஒன்றுண்டு. குப்பையை வீசிய அந்த மக்கள் எங்கே போயினர்? கதையின் தொடக்கத்தில் உண்மையிற் செயற்பட்டோர் அவர்களே. ஸ்லேட்டை எதிர்க்க அவர்களுக்கு மோதிரமோ வில்லோ வேண்டியிருக்கவில்லை. வீரர் இருவரும் கதையைத் தம் கையில் எடுத்ததும் அவர்கள் வாய் மூடிவிடுகின்றது. கேள்வி கேட்ட முதியவருக்கு ஒரு பெயர்கூட இல்லை.

வரலாறு இதற்கு மாறாகவே இருந்தது. 1963-64இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜெசி கிறே என்பவரின் தலைமையிலே குடியிருப்போர் ஒன்றுதிரண்டு வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். 1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் சிக்காகோவின் மேற்குப் பகுதியில் ஏழைகள் வாழும் பழுதடைந்த மாடிவீடொன்றிற் குடியேறினார். அந்நகரிலே வாடகைக் குடிகளின் சங்கங்கள் எழுந்தன. கிங் 1968 ஏப்பிரல் 4ஆந் திகதி மெம்பிஸ் நகரிற் கொல்லப்பட்டு ஒரு வாரங் கழித்தே வீடமைப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. இவ்விதழின் இறுதியில் கிறீன் அரோ, நீலநிறக் காவலரிடம் சினந்து பேசுகையில், மெம்பிஸில் வீழ்ந்த கறுப்பினத்தவரையும் லொஸ் ஏஞ்சல்ஸில் வீழ்ந்த வெள்ளையினத்தவரையும் நினைவுகூர்கின்றான். பின்னவர் ரொபேட் கென்னடி. கிங்கின் சாவைக் கதை நினைவில் வைத்திருக்கின்றது. அவர் அத்தகைய வீட்டில் வாழ்ந்து, அதன் குடிகளோடு சேர்ந்து நின்றதை மறந்துவிட்டது.

ஒப்புநோக்கிற்காகப் பழைய கதை ஒன்றையும் கருதலாம். 1939 ஜனவரி எனத் திகதியிடப்பட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' 8ஆவது இதழில் சுப்பர்மன் சேரிப்புறம் ஒன்றைத் தன் கையாலேயே இடித்துத் தள்ளுகின்றான். அரசு அவ்விடத்தில் நல்ல வீடுகளைக் கட்டவேண்டிய நிலை ஏற்படுகின்றது. குழந்தைத்தனமான தீர்வுதான். எனினும், வீடு இறுதியில் எழுகின்றது. 1970இன் கதை அறிவிலும் உணர்விலும் மிக முதிர்ந்தது. ஆனால் அதன் முடிவிற் புதிய வீடு இல்லை. காவலருள் ஒருவர் மனித உருவெடுத்து இறங்கிவர, மூவரும் சிறிய லொறி ஒன்றில் அமெரிக்காவைக் கண்டறியப் புறப்படுகின்றனர்.

அப்பயணம் சுரங்கத் தொழிலாளர் நகரையும், பூர்வகுடிகளின் நிலத்தையும், போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞனையும் வாசகர்க்குக் காட்டியது. 87ஆவது இதழில் ஜோன் ஸ்டுவாட் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞன் தோன்றி, தானும் பச்சை மோதிரம் அணிந்தான். மறைப்பதற்குத் தன்னிடம் எதுவுமில்லை என முகமூடியை மறுத்தான். முதியவரின் கேள்விக்குத் தொடர் அளித்த மிகச் சிறந்த விடை அதுவே எனலாம். ஆயினும், ஒருவன் கையில் மோதிரம் ஏறுவதும் ஒரு தெருவின் கூரை நிலைப்பதும் ஒன்றல்ல. 1972இல் 89ஆவது இதழோடு ஏடு நிறுத்தப்பட்டது.

கதையில் எழுத முடியாததை ஓவியர் வாழ்விற் செய்தார் என்பதையும் கூறியாக வேண்டும். சுப்பர்மனைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் 1938இல் அதன் உரிமையை வெறும் 130 டொலருக்கு எழுதிக்கொடுத்தவர்கள், முதுமையில் வறுமையுற்றனர். நீல் அடம்ஸ் அவர்கள் சார்பிற் குரலெழுப்பி, சக கலைஞரைத் திரட்டிப் பொதுமக்கள் முன் நியாயங் கேட்டார். 1975இல் நிறுவனம் பணிந்து, இருவருக்கும் ஆண்டுதோறும் பணம் வழங்கவும், அவர்தம் பெயரைப் படைப்பிற் பொறிக்கவும் இசைந்தது. அங்கே எவரிடமும் மோதிரம் இருக்கவில்லை. உழைப்பவர் ஒன்றுசேர்ந்து நின்றனர், அவ்வளவே. ஓநீல் 2020இலும் அடம்ஸ் 2022இலும் காலமாயினர்.

இவ்விதழை மாணவர்க்கு மறைக்கவேண்டுமா? வேண்டாம் என்பதே நம் துணிபு. இழுப்பறையைத் திறந்து, அதனை வகுப்பின் நடுவே வைத்து வாசிப்போம். முதியவரின் கேள்வியை மாணவர் தாமாகவே கண்டுகொள்வர். அதற்கு ஆசிரியரின் உதவி தேவைப்படாது. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஸ்லேட் சிறை சென்ற மறுநாட் காலை அக்கட்டடம் யாருக்குச் சொந்தமாயிருந்தது? மாத முடிவில் வாடகை கேட்டு வந்தவன் யார்? அந்த மாடிப்படியில் நின்ற மக்கள் அவனுக்கு என்ன விடை கூறியிருக்கவேண்டும்? இதனை மாணவர் எழுதிப் பார்க்கட்டும். ஓநீலும் அடம்ஸும் எழுதாது விட்ட பக்கம் அது.