வாளை முறித்தவர்க்கு ஒரு பாட்டு

கொடுத்தவனைப் பாடத் தமிழில் ஆற்றுப்படை உண்டு. எங்கள் செய்யூரையடுத்த இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை அவ்வகையினது. களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனைப் பாடப் பரணி உண்டு. தமிழ் முஸ்லிம் புலவர்களும் பின்னிற்கவில்லை. சக்கூன் படைப்போர், ஐந்து படைப்போர் எனத் தனியொரு வகையே கண்டனர். மனச்சான்றுக்குப் பணிந்து படையிற் சேர மறுத்தவனைப் பாட எந்த வகை இருக்கிறது?

இது வெறும் இலக்கணக் கேள்வியன்று. 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாபத் மாநாடு, ஆங்கிலேயர் படையில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஹராம் எனத் தீர்மானித்தது. அதன் பொருட்டு மௌலானா முஹம்மது அலீ, ஷௌகத் அலீ, மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ, டாக்டர் கிச்சலு உள்ளிட்ட அறுவர் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றனர். உடன் நிறுத்தப்பட்ட சங்கராச்சாரியார் பாரதி கிருஷ்ண தீர்த்தர் விடுவிக்கப்பட்டார். முஹம்மது அலீ கைதானது, காந்தியடிகளுடன் சென்னைக்கு வரும் வழியில், வால்டேரில். தனியே வந்த காந்தியடிகள் திருச்சிராப்பள்ளிக் கூட்டத்தில் அக்கருத்தைத் தாமே எடுத்துரைத்தார். அக்டோபர் 16இல் நாடெங்கும் மேடைகளில் அத்தீர்மானம் மீண்டும் ஒலித்தது. சிறைப்பட்டவரைப் புகழ்வது எளிது; அவர் எதற்காகச் சிறைப்பட்டாரோ அதே சொல்லைக் கூட்டமாக நின்று சொல்லி, தண்டனைக்கும் பங்காளியாவது அரிது. அக்கூட்டங்களுக்கு இணையான மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பாட்டு அவ்வளவு தூரம் செல்லவில்லை. தாயார் பீ அம்மாள் மகனை நோக்கிக் கிலாபத்துக்கு உயிரைக் கொடு என்பதாக அமைந்த உருதுப் பாட்டு அந்நாளில் ஊரூராக ஒலித்தது. எளிய மெட்டு; கேட்ட மாத்திரத்தில் கூட்டம் பற்றிக்கொள்ளும். ஆயினும் வழக்கு நடந்தது உயிரைக் கொடுப்பது குறித்தன்று. யாருக்காக யார் உயிரை எடுப்பது என்பது குறித்து. மகனைக் களத்துக்கு அனுப்பும் புறநானூற்றுத் தாயின் பழைய அச்சிலேயே புதிய செயலையும் வார்த்துவிட்டார்கள். மறுப்பு என்ற ஒன்று பாட்டுக்குள் வரவேயில்லை.

அலீ சகோதரர்கள் எல்லாப் போரையும் மறுத்தவர்கள் அல்லர் என்பது மெய்யே. அதே ஐயம் அவர்தம் பெயர் தாங்கிய அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ மீதும் எழுப்பப்பட்டது. வியட்நாம் போருக்கான படைச்சேர்க்கையை 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டனில் மறுத்துப் பட்டத்தை இழந்தார். ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1971இல் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. 1980இல் அவர் சென்னைக்கு வந்தார். மக்கள் திரண்டு கண்டு களித்தது அவருடைய கையுறையைத்தான்!

பொருளுக்குப் புலவர்கள் அலைய வேண்டியதில்லை. நபித்தோழர் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) பத்ரில் போரிட்டவர். கோழையென்று அவரை எவரும் சொல்லவியலாது. முஸ்லிம்கள் தம்முள் மோதிய நாளில் பெருமானார் (ஸல்) முன்பே அறிவுறுத்தியபடி வாளை முறித்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி), அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) ஆகியோரும் விலகி நின்றனர். படைப்போர்ப் புலவர்க்குக் களத்தின் ஆரவாரத்துக்குரிய சந்தங்கள் கைவந்தவை. வாசலில் வந்து அழைப்போரிடம் வரமாட்டேன் என்று சொல்லும் மனிதனுக்கு அச்சந்தங்கள் பொருந்தா. ஒப்பாரியும் தாலாட்டும் தெரிந்த மொழிக்கு அது இயலாததுமன்று.

இலண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தில், காந்தியடிகளின் சிலை உள்ள அதே பூங்காவில், போர் மறுத்தோர்க்கென ஒரு கல்லை 1994 மே 15இல் திறந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே கூடுவோர் பாடுகிறார்கள். மறுத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மலர் வைக்கிறார்கள்.