ரக்ஷக்: சீற்றமும் புலம்பலும்

தில்லியைச் சார்ந்த ‘பிளட்டிவுட்’ குழுவினரின் ‘ரக்ஷக்’ என்னும் இசைத்தொகுப்பு 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. பிரபலமான பாடல்களைக் கேலியாக மெட்டல் இசைக்கு மாற்றியதே இவர்களது தொடக்கம். 2019-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்து, ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையும் ஏறித் திரும்பினர். அடுத்த ஆண்டே கொரோனாப் பெருந்தொற்று மேடைகளை மூடிற்று. பத்துப் பாடல்களுள் ‘ஜீ வீரே’ 2018-இலும் ‘மச்சி பஸத்’ 2019-இலும் முன்னரே வந்தவை. புதியவை அந்த அடைபட்ட காலத்தில் உருப்பெற்றன.

இதனை வெற்றிரைச்சல் என்று ஒதுக்கும் போதகர் நம்மிடையே பலர். டோல், புல்லாங்குழல், மின்கித்தார் ஆகியவற்றினூடே ஜயந்த் பதூலா உறுமுகிறார்; ரவுல் கெர் ஆங்கிலத்தில் ராப் பாடுகிறார். உறுமலில் சொற்கள் பாதி புரிவதில்லை என்பது மெய்யே. ஆயினும் நம் நீலகிரிக் கோத்தர், தெய்வத்திற்கென்றும் சாவிற்கென்றும் வெவ்வேறு மெட்டுகளைக் குழலில் வாசிப்பதை அறிந்தோர், சொல்லின்றியும் துயரம் பேசும் என்பதை மறுக்கமாட்டார்கள்.

‘ஜீ வீரே’ மனச்சோர்வில் மூழ்கியவனை நோக்கி, வாழ் என்கிறது. உபதேசத் தொனி இல்லை. தோளில் கைபோடும் நண்பனின் குரல். 2020-இல் கோவையிலும் திருப்பூரிலும் வேலையிழந்து தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குத் திரும்பிய இளைஞருள் எத்தனை பேர் தம் சோர்வை ஆயரிடம் சொன்னார்கள்? நம் வாலிபர் கூட்டங்களில் மகிழ்ச்சிப் பாட்டுக்குக் குறைவில்லை; புலம்பலுக்குத்தான் இடமில்லை. (ஞாயிறு வழிபாட்டிலும் அப்படியே.)

‘கத்தார்’ மதத்தை அரசியலாக்கிப் பிளவு விதைப்போரைத் துரோகிகள் என்று சாடுகிறது. துணிவான பாடல், ஆனால் முழக்கமாகவே நின்றுவிடுகிறது.

எனக்கு உடன்பாடற்றது ‘தனா தன்’. பாலியல் வன்கொடுமைக்கு எதிரான அதன் சினம் நியாயமானது. 137-ஆம் சங்கீதத்தின் சாபம் இதனினும் கொடிதன்றோ எனலாம். ஆனால் சங்கீதக்காரன் பழியைக் கடவுளின் முன் வைத்துவிடுகிறான். இப்பாடலோ கையை ஓங்குகிறது. மேலும், அடிப்பவனின் ஆவேசத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் குரலே கேளாமற்போகிறது. கலைநோக்கிலும் இது குறையே.

தொகுப்பில் உயர்ந்தது ‘யாத்’. இழந்த உயிரின் நினைவைப் பற்றியது. அதன் காணொளியில் ஒரு மனிதனும் அவன் நாயும். இங்கு உறுமல்கூட அழுகையாகவே ஒலிக்கிறது.